காந்தல் பிடிக்கும் வரை

சிங்கப்பூரின் சைனாடவுனில், 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் ஒரு பெரிய உணவங்காடி நிலையம் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். அங்கே விற்கும் பண்டங்களில் காண்டனியச் சீனர்களின் மண்சட்டிச் சோறு தனி ரகம். ஆளுக்கொரு சட்டி. அரிசியைச் சட்டியிலேயே வேகவிட்டு, தண்ணீர் சுண்டும் பதத்தில் கோழித் துண்டுகள், பன்றித் தொத்திறைச்சி, கொஞ்சம் கருவாடு ஆகியவற்றை மேலே பரப்பி மூடுவார்கள். பிறகு சட்டியைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பி, நாலு பக்கமும் அனல் படும்படி வைப்பார்கள். கடைசியில் கறுப்பு சோயா சாறும் எண்ணெயும் ஊற்றிக் கிளறினால், அடியிலும் ஓரத்திலும் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் காந்தல் சுரண்டலில் பெயர்ந்து வரும். அந்தக் காந்தலுக்காகத்தான் அத்தனை பாடும். கரி அடுப்பு என்றால் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

தெருக்கடையில் இந்த அரை மணி நேரம் எப்படிச் சாத்தியமானது? சமைப்பவரின் பொறுமை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் காலுக்குக் கீழே உறுதியான ஓர் இடம் இருந்ததும் காரணம். 1968, 69-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் அரசு சுமார் 18,000 தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. எழுபதுகளிலும் எண்பதுகளின் நடுப்பகுதி வரையிலும் குழாய்த் தண்ணீர், சாக்கடை, கூரை எல்லாம் உள்ள நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியேற்றியது. தெருவிலும் அதற்கு முன் மண்சட்டி வெந்ததே என்று கேட்கலாம். வெந்தது. ஆனால் கார்கள் பெருகி, சாலைகள் அகன்று, நிலத்தின் விலை ஏறிய பிறகும் அது அழியாமல் இருப்பதற்கு அந்தக் கூரைதான் காரணம். 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். மண்சட்டிக்கு இங்கே பஞ்சமில்லை. பக்கத்திலேயே வில்லியனூர், அதன் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகள், இந்தக் கரையில் மண்பாண்டத்தின் வயது ஈராயிரம் ஆண்டு என்று சொல்கின்றன. மீனும் கரையிலேயே இறங்குகிறது. கிழக்காசியச் சுவையும் ஊருக்குப் புதிதல்ல. சைகோனில் பிரெஞ்சு அரசு வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமியச் சுருள் பலகாரத்தை எப்போதோ இங்கே கொண்டுவந்துவிட்டன. இத்தனை இருந்தும் மாலையில் தள்ளுவண்டிகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஃப்ரைடு ரைஸ்தான். முன்பே வடித்து ஆறவைத்த சோறு, சீறும் காஸ் அடுப்பு, இரும்புச் சட்டி, ஐந்து நிமிடம். வண்டிக்காரரிடம் கைப்பக்குவம் இல்லை என்பதல்ல இதன் பொருள். நகரச் சொன்னால் நகர்ந்தாக வேண்டிய வண்டியில் ஐந்து நிமிடச் சமையலைத்தான் நம்பி இறக்க முடியும்.

நம்மவர்கள் சோற்றை வடிப்பவர்கள், அடிபிடித்தால் குற்றம் சொல்பவர்கள், இந்தக் காந்தல் சுவை இங்கே ஒட்டாது என்பார்கள் சிலர். நியாயம்தான். சீனச் சோற்றை நகலெடுக்கச் சொல்லவில்லை. நம் மண்சட்டிக்கு உரியது மீன்குழம்பு. மண் சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு சட்டிக்குள் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் இதே நேரம் வேண்டும், இதே இடம் வேண்டும். பானை பிரியாணிதான் ஏற்கெனவே விற்கிறதே என்றால், பல கடைகளில் அது அண்டாவில் வெந்து பானையில் அடைக்கப்படுவது. அங்கே பானை வெறும் பொட்டலம். சட்டி உடையும், செலவு ஏறும் என்பதும் உண்மை. ஆனால் உடையும் சட்டிக்குப் பதில் வாங்கும் புதுச்சட்டி, பொங்கலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குயவருக்கு ஆண்டு முழுக்கப் பிழைப்பு.

சிங்கப்பூர் பணக்கார அரசு, நமக்கு அது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி கனமானது. அங்கேயும் கடைக்காரர்களுக்கு வயதாகிறது, இளைஞர்கள் வரத் தயங்குகிறார்கள்; கூரை மட்டும் போட்டால் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் படிக்கு நமக்குப் பெரும்பணம் தேவையில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் குழு பெரிய மார்க்கெட்டை ஒட்டியோ கடற்கரைச் சாலைக்கு அருகிலோ பத்துக் கடைக்கு இடம் குறிக்கட்டும். ஒரு குழாயும் ஒரு சாக்கடையும் வரட்டும். உண்பவர்களாகிய நாமும் அரை மணி நேரம் காத்திருக்கப் பழகுவோம். நிலையான இடம் கிடைத்தவர்தான் நிதானமாகச் சமைப்பார். அந்த இடத்தைக் கொடுப்பது நகரத்தின் கடமை.