தாய்மரம் அறிந்து நடுவோம்

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. இலக்கு வரவேற்கத்தக்கது. ஆனால், எத்தனை நாற்றுகள் நட்டோம் என்ற கணக்கோடு, அவற்றின் விதை எந்தத் தாய்மரத்தில் எடுக்கப்பட்டது என்ற கணக்கும் வேண்டும். இன்று நடும் வேம்பும் வேங்கையும் இனி வரும் பல பத்தாண்டுகளின் வெப்பத்தையும் வறட்சியையும் நின்ற இடத்திலேயே தாங்கியாக வேண்டும். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று: 2012 முதல் 2016 வரை அமெரிக்காவின் கலிபோர்னியாவை வாட்டிய வறட்சியாலும், அதில் நலிந்த மரங்களைத் தாக்கிய பட்டை வண்டுகளாலும் 10 கோடிக்கும் அதிகமான மரங்கள் மடிந்தன.

ஒரே இனத்து மரங்கள் எல்லாம் வறட்சியை ஒரே மாதிரி தாங்குவதில்லை. வேர் இறங்கும் ஆழம், இலைத்துளைகள் மூடும் வேகம், நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி அடைக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன் ஆகியவை மரத்துக்கு மரம் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. மரம் வளர்ந்து தன் தரத்தைக் காட்டும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறைத் தேர்வுக்கே பல ஆண்டுகள் ஓடிவிடும். சோதனைத் திடல்களில் வளரும் மரங்களின் நடத்தையை அவற்றின் மரபணுத் தகவலோடு ஒப்பிட்டு அறிந்துகொண்டால், நல்ல வாரிசுகளை நாற்றுப் பருவத்திலேயே கணிக்கலாம். விதை மூலத்தைப் பார்த்து நடுவதற்கு முன்னுதாரணமும் உண்டு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், மறுநடவுக்கான விதையை வருங்காலத் தட்பவெப்பத்துக்குப் பொருந்துமாறு தேர்வுசெய்யும் முறையை 2018-இல் கொண்டுவந்தது.

மரபணு என்றதும் மரபணு மாற்றப் பயிர்களை நினைத்து அஞ்சுவோர் உண்டு. இங்கே அயல் மரபணு எதுவும் புகுத்தப்படுவதில்லை. இயற்கையில் இருப்பதிலிருந்து தேர்ந்தெடுப்பது மட்டுமே நடக்கிறது. ஒரே மரத்தின் நகலான குளோனைப் பரப்பினால் ஒரே நோயில் எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆகவேதான் காட்டு நடவுக்குப் பல தாய்மரங்களின் விதைக் கலவையைக் கட்டாயமாக்க வேண்டும். வறட்சியைத் தாங்கும் மரம் மெதுவாக வளரக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால், காட்டின் பயன் மரத்தின் பருமனில் மட்டும் இல்லை. இருக்கும் காடுகளைக் காப்பதற்கு இந்தத் தேர்வு முறை மாற்றாகாது. அழிந்த காட்டோடு அதன் மரபு வளமும் போய்விடும்.

கோவையில் 1988 முதல் இயங்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சவுக்கு, தைலமரக் குளோன்களை உருவாக்கித் தந்திருக்கிறது. அந்த அனுபவம் நம் மண்ணின் காட்டு மரங்களுக்கும் முழுமையாகப் பயன்பட வேண்டும். வறண்ட மாவட்டங்களின் மூத்த மரங்களிலிருந்து விதை சேகரித்து, சோதனைத் திடல்களும் விதைத் தோட்டங்களும் அமைக்க அரசு நீண்டகால நிதி ஒதுக்க வேண்டும். நாற்றங்காலிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தொகுதி நாற்றுக்கும் விதை மூலச் சான்று கட்டாயமாக வேண்டும்.