சோளப்பட்சியின் வரவு செலவு

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சேலம் ஜில்லா வெயிலுக்குப் பெயர் போனதுதான். எனினும் சேர்வராயன் மலையடிவாரத்து மாசி விடியற்காலை அந்தப் பழமொழியைப் பொய்யாக்குவதில்லை. போர்வையை உதறிவிட்டுக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணுக்கு விருந்து காத்திருக்கிறது. 2010-ஆம் வருஷத்தில் ஊர் ஜனங்கள் ஒன்றுகூடி இவ்வேரியைச் சீர்திருத்தத் தொடங்கி, தூர் வாரிய மண்ணை நடு நீரில் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அம்மரங்கள் பட்சிகளுக்குச் சத்திரமாக விளங்குகின்றன. சர்க்கார் உத்தரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மற்ற ஊரார் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

ஆனால் நாம் சொல்ல வந்தது சோளப்பட்சியைப் பற்றி. மைனாவின் பங்காளி, மேனி வெளிறிய ரோஜா வர்ணம், தலை, இறக்கை, வால் மூன்றும் கறுப்பு. கஜகஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாடுகளின் புல்வெளிகளில் பிறந்து, குளிர்காலத்துக்கு நம் தேசத்தை நாடி வருவது. சித்திரை முடிவதற்குள் மூட்டை கட்டிவிடும்.

மானாவாரிச் சோளக் காட்டில் நூற்றுக்கணக்காக இறங்கினால் கதிருக்கு ஆபத்து. பரண் மேல் நின்று தகர டப்பாவைத் தட்டும் குடியானவரை நாம் குறை சொல்லமாட்டோம். ஆயினும், கணக்கின் மறு பக்கத்தையும் பார்க்கவேண்டாமா? சீன தேசத்து சிங்கியாங் மாகாணத்தில் 1980-களிலிருந்து இதே பட்சிக்குக் கற்குவியலும் கூடும் அமைத்து உபசரிக்கிறார்கள். காரணம், குஞ்சு பொரிக்கும் காலத்தில் அது வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்ப்பதுதான். இங்கே திருடன், அங்கே காவல்காரன்! நம் ஊரிலும் அது புழு பூச்சிகளைத் தின்கிறது. இலவம், கல்யாண முருங்கைப் பூக்களில் தேன் குடித்து, நெற்றியில் மகரந்தப் பொட்டுடன் அடுத்த மரத்துக்குப் போகிறது.

சோளக் காடுகள் மரவள்ளியாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவரும் நாளில் இந்த விருந்தாளி குறைகிறதா, கூடுகிறதா? எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எண்ணுவதற்குப் பண்டிதர் வேண்டியதில்லை. பொங்கல் நாட்களில் பட்சிகளை எண்ணும் வழக்கம் தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கியது. பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் உலகமெங்கும் எண்ணுகிறார்கள். பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, கண்டதைக் குறித்து அனுப்பினால் போதும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகள் அறிக்கை 942 இனங்களின் நிலையை ஆராய்ந்து, 178 இனங்களை உடனே கவனிக்கவேண்டும் என்றது. அதற்கு ஆதாரம் ஏறத்தாழ 30,000 பேர் இவ்வாறு எழுதிய குறிப்புகளே.

கூட்டத்தை எண்ணுவதில் ஒரு யுக்தி உண்டு. முதலில் பத்துப் பட்சிகளை எண்ணி, அவை வானத்தில் அடைக்கும் இடத்தை மனத்தில் கொள்க. அவ்விடத்தைப் போல் எத்தனை மடங்கு கூட்டம் இருக்கிறது என்று பார்க்க. குழந்தைகள் இதை நம்மைவிட விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். காலையில் தவறவிட்டவர்கள் மாலையில் அவை அடையும் மரத்தடிக்குப் போகலாம். குடை கொண்டு போவது உத்தமம்.