கூகுள் கிளவுடில் காணாமல் போன ஓய்வூதிய நிதி நிறுவனம்... கிளவுட் சேவையைத் தேர்வு செய்யும்போது எதைப் பார்க்கணும்?

2024 மே மாதம். ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியில் பணம் போட்டிருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரால் ஒரு வாரமாக தங்கள் கணக்கை பார்க்கவே முடியவில்லை. அங்கே இருந்த சேமிப்பு கொஞ்ச நஞ்சமல்ல, சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர்!

ஹேக்கிங்கா? இல்லை. யூனிசூப்பருக்கான பிரைவேட் கிளவுடை அமைத்தபோது, கூகுள் ஊழியர்கள் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டனர். அதை 'ஓராண்டு மட்டும்' என சிஸ்டம் எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் தானாகவே அழித்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டு அழித்தது இல்லை என்பதால், எச்சரிக்கை மெயில் கூட போகவில்லை.

இரண்டு புவியியல் பகுதிகளில் நகல் வைத்திருந்தும் இரண்டுமே போச்சு என்றது இரு நிறுவனத் தலைவர்களின் கூட்டறிக்கை. பணம் பத்திரமாக இருந்தது. தகவலை மீட்க கைகொடுத்தது, வேறொரு நிறுவனத்திடம் யூனிசூப்பர் தனியாக வைத்திருந்த பேக்கப். கூகுளிலேயே தனியாக சேமித்திருந்த பேக்கப்பும் தப்பியதாக கூகுள் பின்னர் விளக்கியது.

விலைப்பட்டியல் மட்டும் போதுமா?

புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்குபவர்கள் முதலில் பார்ப்பது மாத வாடகையைத்தான். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றிலும் அதில் பெரிய வித்தியாசம் இருக்காது. பில் எகிறுவது வேறு இடத்தில். டேட்டாவை உள்ளே ஏற்ற காசு இல்லை, வெளியே எடுத்தால் காசு. வீடியோ, புகைப்படம் அதிகம் காட்டும் ஆப் என்றால் இதை முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மொத்தமாக வெளியேறுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தை 2024-ல் மூன்று நிறுவனங்களுமே தள்ளுபடி செய்துவிட்டன. ஆனாலும் வெளியேறுவது லேசான காரியமில்லை. போஸ்ட்கிரஸ் மாதிரி பொதுவான டேட்டாபேஸ் என்றால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அமேசானின் டைனமோடிபி போன்ற, ஒரே நிறுவனத்துக்கான சேவையில் கட்டிவிட்டால் புரோகிராமையே திருத்தி எழுத வேண்டிவரும். சிக்குவது இங்கேதான்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மைக்ரோசாஃப்டுக்கு சென்னையிலேயே டேட்டா சென்டர் இருக்கிறது. அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத். கூகுளுக்கு மும்பை, டெல்லி. பணப் பரிவர்த்தனை சம்பந்தப்பட்ட புராஜெக்ட் என்றால், அந்தத் தகவலை இந்தியாவில்தான் சேமிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2018 உத்தரவு.

99.9% என்றால் என்ன?

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மாதத்துக்கு 43 நிமிடம் சேவை நின்றாலும் அந்த வாக்குறுதி மீறப்படவில்லை என்றே அர்த்தம். அதற்கு மேல் நின்றாலும் பொதுவாகக் கிடைப்பது பில்லில் கொஞ்சம் கழிவு. அந்த நேரத்தில் போன வியாபாரத்துக்கு இழப்பீடு அல்ல. அதனால் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, பேக்கப்பை வேறொரு நிறுவனத்தில் வைக்க எவ்வளவு ஆகும் என்பதையும் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். யூனிசூப்பர் அந்தச் செலவை முன்கூட்டியே செய்திருந்தது.