கோடை விடுமுறையும் கண்மாய்த் தொண்டும்

பரீட்சைகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், மாணவர் குழுக்கள் மண்வெட்டியும் கூடையும் ஏந்திக் கிராமத் தொண்டிற்குப் புறப்படுதல் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் இத்தகைய தொண்டிற்கு உரமூட்டியது. இது போற்றத்தக்கதே. ஆயினும், செல்லுதல் நன்று என்பதில் நாம் காட்டும் ஊக்கத்தை, எவ்வாறு செல்லுதல் நன்று என்பதில் காட்டுகிறோமில்லை. வெயில் மிகுந்த ஊருக்குத் தொண்டு செய்யச் செல்வோர், அவ்வூரின் பொழுதிற்கும் அவ்வூர் உழைப்பாளரின் அறிவிற்கும் தம்மை ஒப்புவித்தாலன்றி, அத்தொண்டு ஊருக்குப் பயன்படாது. செல்வோருக்கும் கேடாய் முடியும் என்பதே நம் கருத்து.

இராமநாதபுரம் சீமையை உதாரணமாகக் கொள்வோம். வைகை நதி ஓடி ஓய்ந்து கடைசியில் வந்து சேருமிடம் அங்குள்ள பெரிய கண்மாய். அந்நாட்டு வேளாண்மை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. அம்மழையைத் தேக்கிவைத்துக் குடிகளைக் காப்பன கண்மாய்களும் ஊருணிகளுமாம். சித்திரை, வைகாசியில் அவை பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். வண்டலை அள்ளவும், வரத்துக்கால்களைச் செப்பனிடவும், கரையை உயர்த்தவும் அதுவே தக்க காலம். முன்னாளில் ஊரார் ஒன்றுகூடிச் செய்துவந்த இவ்வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டில் இதன்பொருட்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. 2017இல் தமிழ்நாட்டு அரசு அப்பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. எனவே, கண்மாய் வற்றும் காலமும், வெயில் கொளுத்தும் காலமும், நம் விடுமுறைக் காலமும் ஒன்றேயாகின்றன. வெயிலை விலக்கி இவ்வேலையைச் செய்தல் அரிது. வெயிலோடு இணங்கியே செய்தல் வேண்டும்.

வெயிலோடு இணங்குதல் ஒரு நாளில் கைகூடுவதன்று. நிழலில் அமர்ந்து நூல் கற்ற உடல், வெயிலில் உழைக்கப் பழகுவதற்கு 7 முதல் 14 நாட்கள் வேண்டும் என உடல்நூலார் கூறுவர். அந்நாட்களில் வியர்வை முன்னிலும் விரைந்து சுரக்கத் தொடங்கும். அதிலுள்ள உப்புக் குறையும். குருதியின் நீர்ப்பகுதி பெருகும். ஆதலின், வெயில் வேலைக்குப் புதிதாய் வருவோர் முதல்நாள் முழுவேலையில் ஐந்திலொரு பங்கிற்கு மேற்படாமலும், பின்னர் நாளொன்றுக்கு ஐந்திலொரு பங்கிற்கு மேற்படாமல் கூட்டியும் உழைத்தல் வேண்டும் என அமெரிக்க நாட்டுத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கின்றது. நம் மாணவர் முகாமோ ஏழே நாள். உடல் பழகத் தொடங்கும் வேளையில் முகாம் முடிந்துவிடுகின்றது. இதனை எண்ணாது, தொடக்க விழா முடிந்த கையோடு முதல்நாள் நண்பகலிலேயே மாணவரைக் கண்மாய்க்குள் இறக்குதல் ஊக்கமாகாது, அறியாமையேயாம்.

கடலை அடுத்த ஊர்களில் காற்றின் ஈரமும் இதனோடு சேர்கின்றது. வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது உலர்வதாலேயே குளிர்கின்றது. ஈரக்காற்றில் அது எளிதில் உலராது. உடல் அனலாய்க் கொதிக்க, பேச்சுக் குழறி, அறிவு தடுமாறுவானாயின், அவனுக்கு நேர்ந்திருப்பது வெறும் களைப்பன்று. உயிர்க்கு இறுதி பயக்கும் வெப்பத் தாக்கு. அவனை உடனே நிழலிற் கிடத்தி, மேலெல்லாம் குளிர்ந்த நீர் வார்த்து, விசிறி, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். இதனைக் கல்லாத ஒருவரும் முகாமிற்குத் தலைமை தாங்கலாகாது.

உடல்நூலார் ஆய்ந்து கண்ட இவ்வுண்மையை அவ்வூர் மக்கள் பழக்கத்தால் முன்னரே அறிவர். பதநீர் இறக்கும் பனைத்தொழிலாளர் காலையிலும் மாலையிலும் மரமேறுவர்; உச்சிப்பொழுதை நிழலிற் கழிப்பர். மண்வெட்டும் முதியவள், தலையிற் சும்மாடும் தூக்கிற் கஞ்சியுமாய் விடியலிலேயே களத்திற்கு வந்துவிடுவாள். இதனைச் சோம்பலென்று கருதுவோர் வெயிலை அறியாதோர். நம் தமிழ் மக்கள் பலர் பிழைப்பின்பொருட்டுச் சென்றுள்ள கத்தார் நாட்டிலும், 2021ஆம் ஆண்டின் விதியொன்று, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 மணிவரை வெட்டவெளி வேலையைத் தடைசெய்துள்ளது. பனைத்தொழிலாளர் தாமே வகுத்துக்கொண்ட பொழுதை ஓர் அரசு சட்டத்தால் வகுக்க நேர்ந்தது.

இனி, தண்ணீரைப் பற்றிச் சிறிது எண்ணுவோம். ஐம்பது மாணவர் தங்குவதாயின், குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு 2,000 லிட்டர். ஏழு நாட்களுக்கு 14,000 லிட்டர். குடங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பெண்கள் நெடுந்தொலைவு சென்று நீர் கொணரும் ஊரில், இதனை யார் சுமப்பது? விருந்தினருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல நாணும் மக்கள், தம் பங்கைக் குறைத்து நமக்களிப்பர். நீர்நிலையைத் திருத்தச் சென்ற நாமே அவர் குடத்தைக் காலிசெய்து திரும்புதல் தொண்டாகுமா?

வேலையின் முறையையும் அவ்வூராரிடமே கற்றல் வேண்டும். கண்மாய்களில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தைத் தரைக்கு மேலே வெட்டிச் சாய்த்தால், அடிக்கட்டை மீண்டும் தழைத்துப் புதராகும். வேரோடு பறித்தாலன்றி அது ஒழியாது; பறித்த பின்னும் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களைந்துவருதல் வேண்டும். ஏழு நாளில் ஒரு காட்டையே வெட்டினோம் எனப் பெருமை பேசும் குழுவினும், சிறிதளவு நிலத்தை வேரறுத்து, அடுத்த ஆண்டும் அவ்விடத்திற்கே வந்து பார்க்கும் குழுவே சிறந்தது.

இத்தகைய தொண்டிற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1920இல் பிரான்சு தேசத்து வெர்தூனுக்கு அருகே, போரினாற் பாழான ஓர் ஊரைத் திருத்தப் பலநாட்டுத் தொண்டரைக் கூட்டினார், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல். பீகாரில் 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பத்தைக் கேட்டு, அவர் அவ்வாண்டிலேயே அங்கு வந்தார். பணமனுப்பிவிட்டு ஓய்ந்திராமல், சில தோழரோடு முசாபர்பூர்ப் பக்கத்துக் கிராமத்தாருடன் தாமும் மண்சுமந்து, புது ஊர்கள் எழ உழைத்தார். ஒருமுறை வந்து போனதோடு நில்லாது, மீண்டும் மீண்டும் வந்தமையே அவர் தொண்டின் சிறப்பு.

“இளைஞர் வெயிலிற் காய்ந்தாலன்றி உறுதி பெறார்” என்பாருமுளர். உறுதி வேண்டுவதே, ஆனால், படிப்படியாய்ப் பழகுவதால் வருவது உறுதி, ஒரேநாளில் வதங்குவதால் வருவது நோய். “ஒரு பொறியை வாடகைக்கு அமர்த்தினால் ஐம்பது மாணவரின் ஏழுநாள் வேலை விரைவில் முடிந்துவிடுமே, இவர்கள் செல்வானேன்?” என்பாருமுளர். மண்ணின் அளவொன்றையே நோக்கின் அது மெய்யே. ஆயின், நிழலில் வாழ்வோர் வெயிலில் வாழ்வோரை அறிதல் பொறியால் ஆவதன்று. நாளை பொறியாளராயும், அதிகாரியாயும், ஆசிரியராயும் அமரவிருக்கும் மாணவன், நண்பகலில் மண்சுமத்தல் எத்தன்மைத்து என்பதைத் தன் தோளால் அறிந்திருப்பானாயின், பிறர்க்கு வேலைநேரம் வகுக்கையில் அவன் கை சற்றே தயங்கும். அத்தயக்கத்தால் எத்தனையோ உயிர்கள் காக்கப்படும்.

ஆகவே, நாம் வேண்டுவன சிலவே. முகாமிற்கு முன்னர்ச் சிலர் சென்று ஊராரைக் கண்டு, வேண்டும் வேலை எதுவென அவர் வாயாற் கேட்டறிதல். புறப்படுமுன் கல்லூரியிலேயே இருவாரம் காலைவெயிலிற் சிறிது சிறிதாய் உழைத்துப் பழகுதல். தண்ணீரை லாரியில் உடன்கொண்டு செல்லுதல். விடியல் முதல் ஒன்பது மணிவரையும், வெயில் தாழ்ந்த பின்னரும் மட்டுமே உழைத்தல். நண்பகலில் மரநிழலிலமர்ந்து, கண்மாயின் மடையும் மதகும் வரத்துக்காலும் பற்றி முதியோர் கூறுவனவற்றை எழுதிக்கொள்ளுதல். அடுத்த ஆண்டும் அவ்வூருக்கே செல்லுதல்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். வெயிலில் உழைப்போரின் அருமையும் அங்குச் சென்றாலன்றித் தெரியாது. வருங்கோடையில் நம் மாணவர் செல்லுக. கற்பிக்க அன்று, கற்க. ஐப்பசியில் அக்கண்மாய் நிறைந்து, அதன் நீர் ஊரார் வயலிற் பாயுமாயின், அதனினும் சிறந்த சான்றிதழ் அவர்க்கு வேண்டுவதில்லை.