ஒற்றைக் கால் உதை

கந்தோனிய மொழி பேசும் சீன மக்களிடையே “யட் கேக் தேக்” என்றொரு பேச்சு வழக்கு உண்டு. யட் என்பது ஒன்று. கேக் என்பது கால். தேக் என்பது உதைத்தல். பலர் செய்தற்குரிய வேலைகள் யாவற்றையும் ஒருவரே ஏற்றுச் செய்தல் என்பது இதன் கருத்து. “எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிறார்” என நம்மவர் கூறுவது இதனோடு ஒருவாறு ஒக்கும்.

இவ் வழக்கோடு பெரிதும் தொடர்புடையோர் சீனப் பணிப்பெண்கள் ஆவர். முத்து ஆற்றுக் கழிமுகத்திலே பட்டுத்தொழில் 1930களில் நலிவுற்றபோது, ஷுன்டாக் முதலிய இடங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றனர். செல்வர் இல்லங்களிற் சமையலுக்கு ஒருத்தி, பிள்ளைக்கு ஒருத்தி, சலவைக்கு ஒருத்தி என வேலை பகுக்கப்பட்டிருந்தது. அத்துணை வசதியில்லாத வீடுகளில் அனைத்தையும் ஒருத்தியே செய்தாள். அவளுக்கு “ஒற்றைக் கால் உதை” என்பதே பெயராயிற்று.

அவளது திறமையை நாமும் வியக்கிறோம். ஆயினும் வியப்போடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. மூவர் வேலையை ஒருத்தி செய்தமைக்குக் காரணம் அவளது ஆற்றல் மாத்திரமன்று. மூவர்க்கு ஊதியம் கொடுக்க வீட்டார்க்கு இயலாமையும் ஆகும். பாராட்டு எத்துணை இனிதாயினும் ஊதியத்துக்கு ஈடாகாது, ஓய்வுக்கும் ஈடாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. வேலைத்தலத்திலே தனித்துழைத்த அப் பெண்கள், வாழ்க்கையிலே தனித்து நிற்க எண்ணினாரல்லர். சிங்கப்பூரின் சீனர் வட்டாரத்திலே பலர் கூடி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, செலவைப் பகிர்ந்து, ஓய்வு நாளிலும் வேலையற்ற காலத்திலும் அங்கே தங்கினர். எல்லாப் பாரத்தையும் ஒருவர் தாங்கல் எத்துணை அரிதென்பதை அவர்களினும் நன்கறிந்தவர் யாவர்?

இப் பாடம் பொதுப்பணிக்கும் பொருந்தும். “அவர் ஒருவரே எல்லாம் செய்தார்” என்று மேடையிலே புகழ்மாலை சூட்டுகிறோம், கைதட்டிக் கலைகிறோம். அவர் ஒரு நாள் நோயுற்றாற் கணக்கேடு எங்கே, திறப்பு யாரிடம் என்பதும் எவர்க்கும் தெரிவதில்லை. அப் புகழ்மொழி உண்மையில் ஏனையோர்மீது சாட்டப்படும் குற்றச்சாட்டேயாகும். எல்லாவற்றையும் தம்மிடமே வைத்துக்கொண்டு பிறரைப் பழக்காது விடுவோரும் அக் குற்றத்திலே பங்காளிகளே.

ஆகவே இனிமேல் ஒருவரை இவ்வாறு புகழ வாய் திறக்கும்போது, “நாம் எங்கே நின்றோம்?” என்று நம்மையே முதலிற் கேட்போமாக. ஊர் கூடி இழுத்தாலன்றோ தேர் நிலைக்கு வந்து சேரும்!