சுருக்கப் பதிப்பு என்று சொல்லுங்கள்

பொன்னேரியை அடுத்த ஆரணியில், நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பைண்டு ஒன்றை அண்மையில் புரட்டினோம். ஆனந்த விகடன் இதழ்களிலிருந்து பிரித்துத் தைத்த 'தில்லானா மோகனாம்பாள்'. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதியது, கோபுலு வரைந்தது. எம்மிடம் இருக்கும் மறுபதிப்பிலோ ஒரு படமும் இல்லை; ஓவியர் பெயருமில்லை.

இதைப் பிழையென்றே நம்மவர் கருதுவதில்லை. பத்திரிகைப் படம் கதைக்குச் சூட்டிய பூச்சரமாம். வாடியபின் எறிவதில் என்ன குற்றம் என்கிறார்கள். படம் வாசகனின் கற்பனைக்கு வேலியிடும் என்பாரும் உண்டு. 1968இல் வந்த திரைப்படம் இடாத வேலியையா கோபுலுவின் கோடுகள் இட்டுவிட்டன?

தம் வாழ்வை நினைவுகூரும்போது கோபுலு சொல்லிவந்த செய்தி ஒன்றுண்டு. 1941இல், பதினேழு வயதில், விகடன் தீபாவளி மலருக்காக மாலி அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பினார். தியாகராஜர் வழிபட்ட இராம பட்டாபிஷேகப் படத்தை நேரில் கண்டு, அங்கேயே அமர்ந்து வரைந்து வந்தார். அறையிலிருந்தபடி கற்பித்து வரைவதன்று, போய்ப் பார்த்து வரைவது என்ற பாடம் அவர் தொழிலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே அவருடைய நாகசுரக்காரரின் அமர்வும், கச்சேரிக் கூட்டத்தின் முகங்களும் வெறும் அலங்காரமல்ல. ஒரு காலத்தின் சாட்சியம். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகியவர் அவர். அத்தகையவரின் உழைப்பைத்தான் பூச்சரம் என்கிறோம்.

சிற்றிதழ்க்காரர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த கோடுகளைக் கலையென்று கொண்டாடினோம். அவை வெளிவந்ததும் ஜூனியர் விகடன் என்னும் வெகுசன இதழில்தானே? நம்மோடு பழகியவர் வரைந்தால் கலை, பழகாதவர் வரைந்தால் கூலிவேலை என்பது என்ன அளவுகோல்?

கோபுலு 2015இல் மறைந்தார். அவருக்குப் புகழுரை எழுதியது போதும். தொடர்கதைகளை நூலாக்குவோர் படங்களைச் சேர்க்கட்டும்; தலைப்புப் பக்கத்தில் ஓவியர் பெயரையும் அச்சிடட்டும். செலவு கட்டாதெனில் வேறொரு நேர்மையான வழியும் உண்டு: அட்டையில் 'சுருக்கப் பதிப்பு' என்று போட்டுவிடுங்கள்.