சென்னையில் ஒன்றரை நாள்

நம் கல்லூரியில் பயில்வோருள் சென்னையை நேரில் காணாதவர்கள் இன்னும் பலர் உண்டு. கைப்பேசியில் பார்த்துவிட்டேன் என்பவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் முதன்முதலாக அங்கே போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, துறை நடத்தும் கல்விச் சுற்றுலா. மற்றொன்று, வேலைக்கான தேர்வு அல்லது நேர்காணல். எதற்காகப் போனாலும் கையில் இருப்பது ஒரு நாள். மிஞ்சினால் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளை நாம் செலவிடும் முறை சரியில்லை என்பது என் கருத்து. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதில் அவர்களுக்கும் பங்குண்டு.

சுற்றுலா நிரல் ஆண்டுதோறும் ஒன்றேதான். காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, பிறகு ஏதேனும் ஒரு கேளிக்கைப் பூங்கா, மாலையில் தியாகராயநகர், இருட்டிய பிறகு கடற்கரை. ஊரின் தெற்கு எல்லைக்கும் நடுவிற்குமாகப் பேருந்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். சென்ற முறை ஒரு துறையினர் அருங்காட்சியகத்தையும் நிரலில் சேர்த்திருந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போன நாள் வெள்ளிக்கிழமை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐம்பது பேரும் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நடவுக்குப் போகும் தாயும் பெட்டிக்கடை வைத்திருக்கும் தந்தையும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் போன பயணம் அது.

கேளிக்கை வேண்டாம் என்று சொல்லும் கிழவன் அல்லன் நான். ஊஞ்சலும் சறுக்கலும் எங்கும் உண்டு; எப்போதும் போகலாம். சென்னையில் மட்டுமே இருப்பவை சில உண்டு. அவற்றிலும் சில நம்முடையவை. முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும் என்றுதான் வாதாடுகிறேன்.

எழும்பூர் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். அங்கேயுள்ள அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்றது. கொல்கத்தாவிலுள்ளதற்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பழமையான அருங்காட்சியகம் இதுவே. அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் முதல் ஆதிச்சநல்லூர்த் தாழிகள் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயன்றால் ஒன்றும் மனத்தில் நில்லாது. குடந்தையிலிருந்து போகிறவர்கள் நேரே செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்துக்குப் போங்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே இருங்கள். சோழநாட்டு மண்ணிலிருந்து கிடைத்தவை பல அங்கே நிற்கின்றன. புதையலாகக் கிடைக்கும் பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏர் முனையிலும் கடைக்கால் தோண்டும்போதும் தட்டுப்பட்ட தெய்வங்கள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வழியேதான்.

சீகாழிக்குப் பக்கத்திலுள்ள திருவெண்காட்டிலிருந்து போன அர்த்தநாரியை மட்டும் தவறவிடாதீர்கள். ஆண்பாதிக்கு இரண்டு கை, பெண்பாதிக்கு ஒரு கை. மூன்று கைகளோடு ஓர் உருவம் கோணலாகத் தெரியாமல் நிற்கிறதே, எப்படி என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்து இடுப்பு வளைவும் மறுபக்கத்துத் தோளின் அகலமும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. அதே திருவெண்காட்டு ரிஷபவாகனர் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். காளையைக் காணோம், ஆனால் காளைமேல் கையூன்றிச் சாய்ந்து நிற்கிறார். 1011-ஆம் ஆண்டளவில் வார்க்கப்பெற்ற திருமேனி அது.

ஆகையால் சென்னைப் பயணத்தை நம் ஊரிலேயே தொடங்குங்கள் என்பேன். முந்திய வாரம் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு சுவாமிமலைக்குப் போங்கள், ஆறேழு கிலோமீட்டர்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டலை அதன்மேல் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். இதைக் கண்ணால் கண்டவன் எழும்பூரில் நின்று பார்ப்பது வேறு. காணாதவன் பார்ப்பது வேறு. தஞ்சைக் கலைக்கூடத்தையும் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

அருங்காட்சியகத்தை ஒட்டியே கன்னிமாரா நூலகம். 1896-இல் திறக்கப்பெற்றது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்றைப் பெறும் உரிமையைச் சட்டப்படி கொண்ட நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலை முதல் மாலை வரை அங்கே அமர்ந்திருப்பதைக் காணலாம். நம்மைப்போல் ஊர்ப்புறத்திலிருந்து வந்தவர்கள்தாம் அவர்களிலும் பலர். பத்து நிமிடம் அவர்களிடையே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பட்டணம் பணக்காரர்களுக்கே உரியது என்ற அச்சம் சிறிது குறையும்.

மாலையில் எழும்பூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்தொடர் வண்டியில் போகலாம். கட்டணம் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் ஆகாது. ஆட்டோக்காரரோடு வாதிட்டு வியர்ப்பதைவிட இது நன்று. கடற்கரை நிலையத்தருகே துறைமுகம். நம் கல்லூரியில் பயின்று, கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்த இராமானுசன், 1912-இல் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதியது அந்தத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில்தான். ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது மறு ஆண்டு சனவரியில். நிலுவைத் தாள் வைத்திருக்கும் நண்பர்கள் இதைச் சாக்காகக் கொள்ளக் கூடாது என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து பறக்கும் இரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கினால் மெரினா. கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியின் முன்னே கடலைப் பார்த்தபடி உ. வே. சாமிநாதையர் சிலையாய் நிற்கிறார். 1880 முதல் 1903 வரை நம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது அவர் குடந்தைவாசி. பிறகே மாநிலக் கல்லூரிக்கு மாறினார். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர். நம் கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராசச் செட்டியாரின் பெயர் அது. அவ்வீட்டைத் தேடிப் போகாதீர்கள், 2012-இல் இடித்துவிட்டார்கள். ஏடு தேடி ஊரூராய் அலைந்தவருடைய வீட்டை அவ்வளவு பெரிய நகரத்தால் காக்க முடியவில்லை. பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகம் இருக்கிறது என்பது சிறு ஆறுதல்.

கடலைப் பற்றி ஒரு சொல். இது அறிவுரை அன்று, கெஞ்சிக் கேட்பது. மெரினாவில் இறங்கிக் குளிக்காதீர்கள். அந்த அகன்ற மணற்பரப்பு பழங்காலந்தொட்டு இருந்ததன்று. 1876-இல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, கடலுக்குள் நீண்ட சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தன. மணல் இப்பக்கம் சேர்ந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. பார்வைக்கு மெரினா அமைதியாய்த் தோன்றும். அடியில் இழுப்பு வலிது. காவிரியில் நீந்திப் பழகியவன்தான் அங்கே துணிச்சலாக இறங்குகிறான். ஆற்று நீச்சல் அந்த அலையில் உதவாது. சுற்றுலா வந்த மாணவர்கள் மூழ்கிய செய்தியை நாளேடுகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கால் நனைப்பதோடு நில்லுங்கள்.

தியாகராயநகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருபுவனத்தில் நெய்த பட்டை அங்கே வாங்கி, முந்நூறு கிலோமீட்டர் சுமந்து வந்து, சென்னைப் பட்டு என்று அக்காவிடம் கொடுத்தவரை நான் அறிவேன். அக்காவும் மகிழ்ந்தார், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

நேர்காணலுக்குப் போகிறவனுக்கு இதிலெல்லாம் மனம் செல்லுமா என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். காலையில் அழைக்கிறார்கள், நண்பகலுக்குள் அனுப்பிவிடுகிறார்கள். ஊர் திரும்பும் வண்டி இரவில். இடையிலுள்ள எட்டு மணி நேரம் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? நிலையத்து நடைமேடையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, சொன்ன விடைகளையும் சொல்லாத விடைகளையும் நினைத்து மருகுகிறார்கள். வேலை கிடைக்காமற்போனால் அவர்களுக்குச் சென்னை என்பது அந்த நடைமேடை மட்டுமே. அருங்காட்சியகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கையில் சான்றிதழ்க் கோப்போடு அர்த்தநாரியின் முன் நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனித் துறைக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசியில் நாள் குறியுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும்; எழும்பூரும் கடற்கரையும். புறப்படும் முன் யாரேனும் ஒரு பேராசிரியர் அரைமணி நேரம் அவ்விடங்களைப் பற்றிப் பேசட்டும். இவ்வாண்டுச் சுற்றுலாவின் நாள் இன்னும் முடிவாகவில்லை என்று கேள்வி. எந்த நாளானாலும் சரி, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.